அடைபட்ட முட்டை: விடிய விடிய உயிருக்குப் போராடிய ‘லவ் பேர்ட்’!

சென்னை,–

எடை 35 கிராம்தான் இருக்கும். உள்ளங்கையில் வைத்தால் ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்குக்கூடக் கனக்காது. அந்தச் சின்ன உடம்புக்குள் ஒரு முட்டை மாட்டிக்கொண்டு வெளியே வர மறுத்தால், ஒரே ராத்திரியில் கதை முடிந்துவிடும். காலையில் கூண்டைத் திறந்து பார்ப்பவர்கள், “நேத்து சாயங்காலம்கூட நல்லாத்தானே இருந்திச்சு!” என்று கையைப் பிசைவார்கள். பூனையைக் கண்டு பயந்திருக்கும் என்பார் ஒருவர். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்பார் இன்னொருவர். பழைய துணியில் சுற்றி வீட்டுப் பின்பக்கம் புதைத்துவிடுவார்கள். அதோடு கேஸ் முடிந்தது.

பூனையும் இல்லை, கண்ணும் இல்லை. முட்டை அடைப்பு!

சென்னையில் மழைக்காலம் வந்தால் மாடிகளிலும் வராந்தாக்களிலும் நடக்கும் இந்தச் சாவுகளில் பலவற்றைத் தடுக்க முடியும் என்பதுதான் வேதனை. புளியந்தோப்புப் பக்கம் ஒரு தையற்காரர் வீட்டில் கடந்த மழை சீசனில் நடந்த சம்பவத்தைக் கேட்டால் அது எப்படி என்று புரியும்.

பானை ஏறும் காலம்

‘பட்ஜரிகர்’ என்கிற ‘லவ் பேர்ட்ஸ்’. போலீஸ் ரிக்கார்டில் எழுதுவது போல இந்தப் பறவைக்கு இரண்டு பெயர். நிஜமான லவ் பேர்ட் ஆப்பிரிக்காக்காரன். உருண்டை உடம்பும் குட்டை வாலுமாக இருக்கும். சென்னையில் பச்சை, மஞ்சள், நீலம், வெள்ளை என்று கூண்டு கூண்டாக விற்கிற நீள வால்காரர் ஆஸ்திரேலியா. 1840-இல் ஜான் கூல்ட் என்கிற பறவை நிபுணர் இதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து உலகமெல்லாம் பரவிவிட்டது.

சென்னைவாசிகளுக்கும் இதற்கும் பழைய சிநேகம். சென்டிரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த மூர் மார்க்கெட் 1985 மே 30-இல் எரிந்து சாம்பலாகும் வரை, பறவை வேண்டும் என்றால் ஜனங்கள் அங்கேதான் ஓடுவார்கள். பிறகு பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை, பிராட்வே ஞாயிற்றுக்கிழமை வியாபாரம், கொளத்தூர்க் கடைகள் என்று பிரிந்துபோனது. சில நூறு ரூபாய்க்கு ஒரு ஜோடி. கூண்டில் ஒரு மண்பானையைக் கட்டித் தொங்கவிட்டால் போதும். பக்கவாட்டில் இருக்கிற ஓட்டை வழியாக பெட்டை உள்ளே போய் வர ஆரம்பித்துவிடும்.

ஆண், பெண் பார்ப்பது சுலபம். மூக்குக்கு மேலே இருக்கிற சதையைப் பார்க்க வேண்டும். வளர்ந்த ஆணுக்குப் பெரும்பாலும் நீலம். பெட்டைக்கு முட்டையிடும் பருவத்தில் அது காய்ந்த பழுப்பு நிறமாக மாறும்.

ஆஸ்திரேலியாவின் வறண்ட காட்டில் இந்தப் பறவைக்கு மாதக் கணக்கு கிடையாது. மழை பெய்து புல் விளைந்தால் உடனே குடும்பம் நடத்தத் தொடங்கிவிடும். அந்தக் குணம் இங்கேயும் போகவில்லை. வெயில் தணிந்து மழைக்காற்று அடித்தால் ஜோடி சேர்கிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் முட்டை. ஒரு ஈட்டுக்கு 4 முதல் 6 வரை. ஏறக்குறைய 18 நாள் அடை. குஞ்சு பொரித்து, இறகு முளைத்து, பானையை விட்டு வெளியே வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் பயமாக இருக்கும். ஒரு முட்டை 2 கிராமுக்கு மேல். 6 முட்டை என்றால் 12 கிராம். அதாவது 12 நாளைக்குள் தன் உடம்பு எடையில் மூன்றில் ஒரு பங்கை அந்தத் தாய் வெளியே கொடுத்துவிடுகிறது! மனுஷியாக இருந்தால் இரண்டு நாளைக்கு ஒரு பிள்ளை பெற்ற மாதிரி.

இரவு 10 மணி

புளியந்தோப்பு வீட்டில் ஆடி மாதம் பானை கட்டினார்கள். முதல் ஈட்டில் 5 குஞ்சு. அவை வெளியே வருவதற்குள் இரண்டாம் ஈடு, அதில் 4. வியாபாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, “பானையை எடுத்துடாதே டெய்லரே. பொங்கலுக்குள்ள இன்னொரு ஈடு வந்துச்சுன்னா மொத்தமா நானே எடுத்துக்கறேன்” என்று முன்பணமும் கொடுத்துவிட்டுப் போனார். தையற்காரருக்கு அது கைக்கு உதவுகிற காசு. மழையில் தையல் வேலை சுமார்தான்.

கார்த்திகைக் கடைசி. மூன்று நாளாக வெயில் முகமே இல்லை. சாயங்காலம் எட்டிப் பார்த்தபோது பெட்டை பானை வாயில் உட்கார்ந்திருந்தது. ராத்திரி 10 மணிக்குப் பத்தாம் வகுப்புப் படிக்கிற மகள் கூண்டுக்குப் படுதா போடப் போனாள்.

பெட்டை கூண்டின் தரையில் கிடந்தது. பஞ்சு உருண்டை மாதிரி உப்பியிருந்தது. கண் பாதி மூடியிருந்தது. கால்களை அகட்டி வைத்து, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது. அவ்வப்போது முக்கியது. ஒன்றும் வரவில்லை.

“அப்பா, இது கால் வராம இழுக்குதுப்பா!” என்று அந்தப் பெண் அலறிய அலறலில் பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட வந்துவிட்டார்கள்.

கால் இழுப்பதைப் பார்த்து வாதம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். உள்ளே மாட்டிய முட்டை, காலுக்குப் போகும் நரம்பை அழுத்துகிறது. அதனால்தான் கால் வேலை செய்யவில்லை. எச்சம் போகும் வழியும் சேர்ந்து அடைபட்டுவிடும். பறவை இளைப்பதற்கும் அதே அழுத்தம்தான் காரணம். இந்த நிலையில் ஒன்றிரண்டு நாளுக்கு மேல் தாங்குவது அபூர்வம். சில பறவைகள் சில மணி நேரத்திலேயே போய்விடும்.

இன்னொரு விஷயம். பறவை நோயை ஒளிக்கிற ஜாதி. காட்டில் சோர்ந்து உட்கார்ந்தால் பருந்து தூக்கிவிடும் என்பதால், முடிகிற மட்டும் ஆரோக்கியமாக இருப்பது போல நடிக்கும். அது வெளிப்படையாக உப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டது என்றால், நடிக்கக்கூடத் தெம்பு இல்லை என்று அர்த்தம். “காலைல பாத்துக்கலாம்” என்று படுக்கப் போகிற நேரம் அது இல்லை.

ஆயாவின் விளக்கெண்ணெய்

அந்த வீட்டு ஆயா விளக்கெண்ணெய்ப் புட்டியோடு வந்தார். “வாயில ரெண்டு சொட்டு வுடுடி, வழுக்கினு வந்துடும்.” பிள்ளைப்பேறு பார்த்த கை, நல்லெண்ணம்தான். ஆனால் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிற பறவையின் வாயில் எண்ணெய் விட்டால் அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். முட்டையால் சாவதற்கு முன் எண்ணெயால் செத்துவிடும். அப்படி ஒழுங்காகவே விழுங்கினாலும், குடலுக்குப் போகிற எண்ணெய் முட்டை இருக்கிற பாதைக்கு எப்படிப் போகும்?

வயிற்றைப் பிடித்து முட்டையை அமுக்கித் தள்ளுவது இன்னொரு வைத்தியம். இது கொலைக்குச் சமம். உள்ளே முட்டை உடைந்தால் ஓடு கிழிக்கும். குடல் பகுதி வெளியே தள்ளிவிடும். நெஞ்சைச் சுற்றி இறுக்கிப் பிடித்தாலே பறவை செத்துப்போகும். அதற்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு.

சிலர் தொட்டுப் பார்த்து, “உடம்பு கொதிக்குது, ஜுரம்” என்று காய்ச்சல் மாத்திரையைக் கரைக்கிறார்கள். பறவையின் சாதாரண உடம்புச் சூடே 105, 106 டிகிரி. நமக்கு அது ஐஸ் வைக்கிற ஜுரம். அதற்கு அது சும்மா இருக்கிற நாள். ஒரு சொட்டு பிராந்தி கொடுக்கிறவர்களும் உண்டு. அந்தக் கதையை விட்டுவிடலாம்.

தெருக்கோடியில் புறா வளர்க்கும் ஒருவருக்கு ஆள் போனது. வட சென்னையில் மாடிக்கு மாடி பந்தயப் புறா வளர்க்கிறார்கள். முட்டை, குஞ்சு, அடைப்பு எல்லாம் பார்த்துப் பழகியவர்கள். அவர் வந்து பார்த்தார். “இன்னா ஆயா, எண்ணெயைக் கீழ வை. யாரும் தொடாதீங்க. முதல்ல சூடு வேணும்” என்றார்.

பல்புக்கு அலைந்த தெரு

ஒரு அட்டைப்பெட்டி. அடியில் பழைய துணி. ஒரு பக்கம் குண்டு பல்பு. சூடு பெட்டிக்குள் 85 முதல் 90 டிகிரி வரை இருக்க வேண்டும். பெட்டியின் பாதிக்கு மட்டும் சூடு பட்டால் போதும். அதிகமானால் பறவை நகர்ந்துகொள்ள மறுபாதி வேண்டும். எட்டாத இடத்தில் வெந்நீர்ப் பாத்திரம் வைத்தால் ஈரப்பதம் கிடைக்கும். சூட்டில் தசை தளரும். முட்டை தானே இறங்க ஒரு வாய்ப்பு கிடைக்கும்.

செய்முறை சுலபம்தான். ஆனால் பல்பு? தெரு முழுக்க எல்.இ.டி. கண்ணைக் கூசும் வெளிச்சம், கோழிக்குஞ்சு சூடுபடாது. மளிகைக் கடை சாத்தியாகிவிட்டது. நான்கு வீடு கேட்டு, கடைசியில் புறாக்காரரின் மாடிக் கூண்டிலேயே ஒரு பழைய 60 வாட் பல்பு கிடைத்தது. தையல் மெஷின் விளக்கின் ஒயரில் அதை மாட்டினார்கள். பல்பு பெட்டிக்கு வெளியே, அட்டையில் போட்ட ஓட்டைக்கு எதிரே. உள்ளே வைத்தால் பறவை சுட்டுக்கொள்ளும், துணி தீப்பிடிக்கும்.

11 மணிக்குப் பெட்டைக்குக் கொஞ்சம் தெளிச்சல் வந்தது. இறகு படிந்தது. அந்தப் பெண் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். சிறகை உடம்பிலிருந்து தள்ளி வைத்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம் என்று அர்த்தம். பல்பைத் தள்ளி வைக்க வேண்டும். அதைப் பார்த்துச் சொல்லத்தான் காவல்.

ராத்திரி 2 மணிக்குக் கரண்ட் போனது!

மழை கொட்டுகிறது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் வெந்நீர் வைத்து, பாட்டிலில் ஊற்றி, வெட்டித் துணிகளைச் சுற்றிப் பெட்டிக்குள் சாய்த்து வைத்தார்கள். துணிக்கு அந்த வீட்டில் பஞ்சமா? 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை பாட்டில் மாற்றினார்கள். அதுவரை “ஒரு குருவிக்கு இம்மாம் ஆர்ப்பாட்டமா?” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த தையற்காரர்தான் விடியும் வரை அடுப்படியில் நின்றவர்.

தாயா? குஞ்சா?

இதற்குள் இன்னொரு பிரச்சினை. பானையில் இரண்டாம் ஈட்டுக் குஞ்சுகள் நான்கு இருக்கின்றன. தாயைப் பெட்டிக்கு மாற்றியாகிவிட்டது. குஞ்சுகள் என்ன ஆகும்? நோய்ப்பட்ட பறவை வைத்திருப்பவர்கள் தடுமாறுகிற இடம் இதுதான். குஞ்சுகள் செத்துவிடுமே என்று தாயைப் பானையிலேயே விட்டுவிடுகிறார்கள். கடைசியில் தாயும் போகும், சேயும் போகும்.

குஞ்சின் வயதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். இறகு முளைத்த குஞ்சு என்றால் கவலை குறைவு. இந்த ஜாதியில் ஆண் பறவை பொறுப்பான குடும்பஸ்தன். அடை காக்கும் பெட்டைக்கே அதுதான் வாய்க்கு வாய் ஊட்டும். பெட்டை இல்லாவிட்டால் வளர்ந்த குஞ்சுகளைத் தானே பார்த்துக்கொள்ளும். புளியந்தோப்பில் அதுதான் நடந்தது. மூன்று குஞ்சுகள் பானை வாய்க்கு வந்து தகப்பனிடம் வாங்கித் தின்றன. நான்காவது மெலிந்தது; கூட்டத்தில் அதற்குச் சாப்பாடு கிடைக்கவில்லை. புறாக்காரர் அதை மடியில் கட்டிக்கொண்டு போய், தனக்குத் தெரிந்த வீட்டில் அதே வயதுக் குஞ்சுகள் இருந்த இன்னொரு ஜோடியின் பானையில் விட்டார். அந்தத் தாய் தலை எண்ணிப் பார்க்கவில்லை. ஐந்தோடு ஆறாக ஊட்டியது.

பொரித்து ஒரு வாரம்கூட ஆகாத, கண் திறக்காத குஞ்சு என்றால் கஷ்டம். தாய் தன் இரைப்பையில் சுரக்கும் பால் போன்ற திரவத்தைத்தான் அதற்கு ஊட்டுகிறது. அதைக் கடையில் வாங்க முடியாது. வேறு ஜோடியின் பானையில் சேர்ப்பது ஒன்றே நம்பகமான வழி. கையால் ஊட்டுவது என்றால், பழக்கப்பட்டவர்களிடம் கற்றுக்கொண்டு செய்ய வேண்டும். மாவு சூடு அதிகமானால் குஞ்சின் இரைப்பை வெந்துவிடும். ஆறிப்போனால் செரிக்காமல் புளித்துவிடும்.

முட்டைகள் மட்டும்தான் இருக்கின்றனவா? அதே சமயத்தில் அடை இருக்கும் இன்னொரு பெட்டையிடம் வைக்கலாம். மென்மையான பென்சிலால் அடையாளம் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கும் வழி இல்லை என்றால், முட்டையை விட்டுவிடத்தான் வேண்டும். கேட்கவே கஷ்டமாக இருக்கும். ஆனால் தாய் பிழைத்தால் அது இன்னொரு வருஷம் முட்டையிடும்.

வேப்பேரியில்...

பொழுது விடிந்தது. முட்டை வரவில்லை. தையற்காரர் ஆட்டோ பிடித்தார். ஆட்டோவுக்கும் மற்றதற்கும் ஆன செலவில் புது ஜோடியே வாங்கியிருக்கலாம் என்று அக்கம்பக்கத்தில் சொன்னவர்கள் உண்டு. “வாங்கலாம். என் பொண்ணு ராத்திரி பூரா முழிச்சிருந்தது இதுக்குத்தானே, புதுசுக்கு இல்லியே” என்றார் அவர்.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் ஆரம்பிக்கப்பட்டது. மாடும் நாயும் மட்டும்தான் பார்ப்பார்கள் என்று இன்றைக்கும் நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்குள்ள ஆஸ்பத்திரியில் பறவைக்கும் வைத்தியம் உண்டு. நகரத்தில் பறவை பார்க்கத் தெரிந்த தனியார் கால்நடை டாக்டர்களும் இருக்கிறார்கள். ஆனால் எல்லாக் கால்நடை டாக்டரும் பறவை பார்ப்பதில்லை. நோய் வந்த பிறகு தேடுவதைவிட, பானை கட்டும்போதே யார் பார்ப்பார், எத்தனை மணிக்குப் பார்ப்பார் என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இப்படி வரும் பறவைக்கு முதலில் சூடு, நீர்ச்சத்து, கால்சியம் ஊசி. எக்ஸ்ரேயில் முட்டை எங்கே, எப்படி நிற்கிறது என்று தெரியும். ஓடே பிடிக்காத தோல் முட்டையாக இருந்தால் சரியாகத் தெரியாது. கொஞ்ச நேரம் காத்திருந்தும் இறங்கவில்லை என்றால் மருந்து கொடுத்து இறக்கப் பார்ப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால், முட்டைக்குள் ஊசியைச் செலுத்தி உள்ளே இருப்பதை உறிஞ்சி, ஓட்டைச் சுருக்கி வெளியே எடுப்பார்கள். கடைசி கட்டம் ஆபரேஷன். சொல்வதற்கு எளிது. 35 கிராம் உடம்பில் செய்வதற்குக் கை பழக வேண்டும். வீட்டில் முயற்சி செய்கிற வேலை இல்லை.

புளியந்தோப்புப் பெட்டைக்கு ஊசி வரை போனது. உறிஞ்சி எடுத்தார்கள். வெளியே வந்த ஓடு வெங்காயச் சருகு மாதிரி இருந்தது.

அந்தச் சருகில்தான் விஷயமே இருக்கிறது. முட்டை ஓடு பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து. முட்டையைத் தள்ளும் தசை சுருங்குவதற்கும் அதே சத்து வேண்டும். மூன்று ஈட்டில் அந்தத் தாயின் கையிருப்பு காலி. ஓடும் பிடிக்கவில்லை, தள்ளவும் சக்தி இல்லை. தினமும் தினை, தினை, தினை. தினையில் சுண்ணாம்புச் சத்து குறைவு. இருக்கிற கொஞ்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள வெயில் வேண்டும். மழைக்காலத்தில் வெயில் ஏது? வராந்தாவின் கண்ணாடி வழியே வருகிற வெயில் கணக்கில் சேராது. வேண்டிய கதிரைக் கண்ணாடி மறித்துவிடும். கூடவே ராத்திரிக் குளிர். வயது நிரம்பாத பெட்டை, கிழட்டுப் பெட்டை, சூரியகாந்தி விதை தின்று கொழுத்த பெட்டை இவற்றுக்கும் இதே ஆபத்து உண்டு. ஆனால் ஓய்வில்லாமல் ஈடு எடுப்பதுதான் அதிகமான வீடுகளில் நடக்கிற குற்றம்.

நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை

மருந்து என்னமோ தெருமுனையிலேயே இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் ‘கடல்நுரை’ என்று கேட்டால் வெள்ளையாக ஒரு ஓடு கொடுப்பார்கள். பெயர்தான் நுரை; கணவாய் மீனின் ஓடு அது. கூண்டுக் கம்பியில் கட்டிவிட்டால் பெட்டை வேண்டியபோது கொறித்துக்கொள்ளும். முட்டை ஓட்டைக் கொதிக்க வைத்து, காய வைத்து, பொடி செய்தும் வைக்கலாம். முருங்கைக்கீரையைக் கழுவிச் செருகலாம். வெயில் அடிக்கிற நாளில் காலை இளவெயிலில் கூண்டை அரை மணி வைக்கலாம். பாதிக் கூண்டுக்கு நிழல் இருக்க வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து வைப்பது கூடாது. அது தொண்டையைப் புண்ணாக்கிவிடும்.

இதெல்லாம் பானை கட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை. முட்டை மாட்டிய பிறகு கடல்நுரையைக் கட்டித் தொங்கவிட்டு என்ன பயன்?

கடைகளில் எந்த நோய்க்குப் போனாலும் ஒரு மஞ்சள் பொடியைக் கொடுத்துத் தண்ணீரில் கலக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் அது டெட்ராசைக்ளின் வகையறா. அந்த மருந்தும் சுண்ணாம்புச் சத்தும் ஒன்றையொன்று கட்டிப் போடும் என்பது மருத்துவப் பாடம். சுண்ணாம்புச் சத்து இல்லாமல் சாகக் கிடக்கிற பெட்டைக்கு இதைவிட மோசமான தேர்வு இருக்க முடியாது.

ஒரு பயத்தையும் தீர்த்துவிடலாம். அடை காக்கும் பெட்டை பெரிசாக, நாற்றமாக எச்சம் போடும். அது பேதி இல்லை. பானையைவிட்டு அடிக்கடி வெளியே வராததால் மொத்தமாகச் சேர்த்துப் போடுகிறது. சுறுசுறுப்பாகத் தின்று, கத்தி, பானைக்குத் திரும்பினால் அது நலமாகத்தான் இருக்கிறது. முட்டையிட வேண்டிய நாளில் வயிறு வீங்கி, எச்சமே போடாமல், தரையில் உட்கார்ந்தால்தான் ஓட வேண்டும். பின்பக்கம் சிவப்பாகச் சதை வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளக் கூடாது. சுத்தமான நீரில் நனைத்த துணியால் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

நோய்ப் பறவையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். காய்ந்த எச்சத்தைக் கூட்டித் தூசி கிளப்பாமல், நனைத்துத் துடைக்க வேண்டும். கிளிக் காய்ச்சல் என்று ஒன்று, கிளி வகைப் பறவைகளிடமிருந்து மனிதனின் நுரையீரலுக்கு வரும். 1929-30-இல் பல நாடுகளில் அது பரவி ஆட்களைக் கொன்றிருக்கிறது. பறவை வளர்க்கும் வீட்டில் யாருக்காவது ஜுரத்தோடு விடாத இருமல் வந்தால், “வீட்டில் பறவை இருக்கிறது” என்று டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

பச்சைக்கிளிக்காரர்கள் தவிப்பு

பச்சைக்கிளி வைத்திருப்பவர்கள் கதை வேறு. கிளிக்கு உடம்பு சரியில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகப் பயப்படுகிறார்கள். காரணம், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். நம் ஊர்ப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. இந்தச் சட்டம் தெரிந்தே தென்னை மரப் பொந்திலிருந்து கண் திறக்காத குஞ்சுகளைத் திருடி விற்கிற கும்பல் இருக்கிறது. பிப்ரவரி, மார்ச்சில் கூடைக்குள் மறைத்து வரும். பாதி, வழியிலேயே செத்துவிடும். வாங்குகிறவன் இல்லாவிட்டால் திருடுகிறவன் எங்கே போவான்? கைவசம் கிளி இருப்பவர்கள் அது சாகும் வரை ஒளித்து வைக்காமல், வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும்.

பட்ஜரிகர், காக்டெயில் இந்தத் தடையில் வராது. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, பஞ்சவர்ணக்கிளி போன்ற விலை உயர்ந்த வெளிநாட்டு ரகங்களுக்குப் பதிவு வேண்டும். செல்லப்பிராணி விற்கும் கடைகளுக்கும் 2018 முதல் மத்திய அரசின் தனி விதிகள் இருக்கின்றன. மாநிலப் பிராணிகள் நல வாரியத்தில் பதிவு செய்துதான் விற்க வேண்டும். சந்தையில் சாக்கை விரித்துக் கூண்டுக்கு 50 பறவை அடைத்து விற்கிறவரிடம் அந்தப் பதிவைக் கேட்டுப் பார்க்கலாம். என்ன பதில் வரும் என்பது வேறு விஷயம்.

பானை இறங்கியது

வேப்பேரியில் இருந்து திரும்பிய பெட்டை மூன்று நாள் அட்டைப்பெட்டியிலேயே இருந்தது. கால் இழுப்பு இரண்டாம் நாள் குறைந்தது. ஐந்தாம் நாள் கம்பியைப் பிடித்து ஏறியது. கூண்டில் விட்டதும் அது முதலில் தேடியது பானையைத்தான்.

பானை அங்கே இல்லை. குஞ்சுகள் வெளியே வந்ததும் கழற்றிவிட்டார்கள். பானை கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் பெட்டைக்கு மறுபடி முட்டையிடத் தோன்றும். ஆணையும் கொஞ்ச நாளைக்குப் பக்கத்துக் கூண்டுக்கு மாற்றினார்கள். ராத்திரி 10 மணி வரை எரிகிற விளக்கும் முட்டையைத் தூண்டும் என்பதால், சாயங்காலம் 6 மணிக்கே படுதா விழுந்தது. வருஷத்துக்கு இரண்டு ஈட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது, ஒரு வயது நிரம்பாத பெட்டைக்குப் பானையே கட்டக் கூடாது என்பது விஷயம் தெரிந்தவர்கள் வைத்திருக்கிற வரம்பு. ஒருமுறை அடைப்பு வந்த பெட்டைக்குத் திரும்பவும் வரலாம்.

பொங்கலுக்கு முன்னால் வியாபாரி வந்தார். கூண்டைப் பார்த்தார். “இன்னா டெய்லரே, பானை எங்கே? ஒரு வாரம் ஓய்வு குடுத்தா போதுமே. இது செத்தா நான் வேற ஜோடி தர்றேன்” என்றார்.

தையற்காரர் மெஷின் டிராயரைத் திறந்து, வாங்கின முன்பணத்தை எண்ணி அவர் கையில் கொடுத்துவிட்டார். வியாபாரி, இருக்கிற நான்கு குஞ்சுகளையாவது கேட்டார். மூன்றுதான் இருக்கிறது என்றாள் அந்தப் பெண். நான்காவது புறாக்காரர் சேர்த்துவிட்ட வீட்டிலேயே இருக்கிறது, அவர்களுக்கே கொடுத்துவிட்டாள். மூன்றுக்குப் பேரம் நடந்து இரண்டு போனது.

கழற்றின பானை மெஷின் பக்கத்தில் இருக்கிறது. அதற்குள் தையற்காரர் பொத்தான் போட்டு வைத்திருக்கிறார்.